பழைய தகட்டின் கொள்ளளவு

மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் நிரஞ்சனா தன் பெரியப்பா மகனின் முழங்கால் வலியை விசாரித்துவிட்டாள். சின்ன மாமியாரின் சர்க்கரை அளவைக் கேட்டு, பாயசம் குடித்ததற்காகச் செல்லமாகக் கடிந்தும்கொண்டாள். கோயம்புத்தூரில் ஒரு குழந்தைக்குப் பல் முளைத்ததற்குச் சந்தோஷப்பட்டாள். அந்த நேரமெல்லாம் அவள் மருத்துவமனை மருந்தகத்தின் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று, எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று நோயாளிகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். உறவினர்களிடம் பேசியது அவளுடைய பதிலி.

பதிலி வீட்டு மடிக்கணினியில் இருந்தது. அவள் குரலில், அவள் இழுக்கும் இடத்தில் இழுத்து, அவள் சிரிக்கும் இடத்தில் சிரித்துப் பேசும். எதிர்முனையில் பேசுவதும் அநேகமாக இன்னொரு பதிலிதான். மாலையில் அவள் செருப்பைக் கழற்றும்போது, "எல்லாரிடமும் பேசியாயிற்று. எல்லாரும் நலம்" என்று சொல்லும். உறவினரிடம் பேச்சுத் தமிழில் குழைகிற அதே குரல், அவளிடம் மட்டும் செய்தி வாசிப்பதுபோல் எழுத்துத் தமிழில் பேசும். யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று குழம்பாமல் இருக்க அப்படி ஓர் ஏற்பாடு.

பதிலிகள் வந்த பிறகு ஒரு குடும்பமும் விட்டுப்போகவில்லை என்று எல்லாரும் பெருமையாகச் சொன்னார்கள். நிரஞ்சனாவும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் பேசுகிற வேலை போன பிறகும் பேசிக் களைத்த களைப்பு மட்டும் எப்படியோ அவளிடம் தங்கியிருந்தது. வாய் வலிக்கவில்லை, உள்ளே எங்கோ வலித்தது. நாளெல்லாம் தன் குரல் தன்னை விட்டு வெளியே அலைந்துவிட்டு வருகிறது என்ற எண்ணமே அவளை உட்காரவைத்துவிடும்.

மகள் மகிழாவின் கல்யாணம் நிச்சயமான பிறகுதான் மடிக்கணினிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. அழைக்க வேண்டியவர்கள் நானூறு குடும்பம். யாரை முதலில் அழைப்பது, யாரை நேரில், யாரை யார் வழியாக என்று அத்தனை முறைகள். கணவன் பிரபு சரக்குக் கப்பலில் இருந்தான். கல்யாணத்துக்கு முந்தின வாரம்தான் கரையிறங்குவான். மிச்சமிருந்தது அவளும் அந்தப் பழைய மடிக்கணினியும்.

ஒரு மாலை மகிழா கூடத்திலிருந்து கூப்பிட்டாள். "அம்மா, இங்க வாயேன். உன் பதிலி சின்னாச்சிகிட்ட மாட்டிக்கிட்டு முழிக்குது."

மடிக்கணினி அவள் குரலில் கேட்டுக்கொண்டிருந்தது: "சுகர் எப்படி இருக்கு சித்தி? சுகர் எப்படி இருக்கு சித்தி? சுகர் எப்படி..."

எதிர்முனையில் சின்ன மாமியாரே வந்துவிட்டார். "நீ கேக்கக் கேக்க ஏறுதும்மா" என்றார்.

நிரஞ்சனா மன்னிப்புக் கேட்டு அணைத்தாள். புது மடிக்கணினி வாங்கிவிடலாம்தான். ஆனால் குடும்பப் பேச்சு அந்தந்தக் குடும்பத்து இயந்திரத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்பது சட்டம். புதிய இயந்திரத்துக்குப் போனால் பதிலி அவளை முதலிலிருந்து கற்க வேண்டும்; அதற்கு அரை வருடம் பிடிக்கும். கல்யாணத்துக்கு இரண்டு மாதம்கூட இல்லை.

"நினைவகத்தைக் கூட்டிரு" என்றாள் ஹசீனா. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ரயிலடிக்கு எதிர்ச் சந்தில் பழைய கணினிகள் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தாள். "பதிலி பேசினதெல்லாம் உள்ள வட்டுல பத்திரமாத்தான் இருக்கு. ஆனா பேசறப்ப கையில வச்சுப் பாக்கறது இந்தத் தகட்டுலதான். உன்னோடது சின்னது. புதுசு வந்தா பழச இறக்கி வச்சிரும். ஒரு வாரத்துக்கு மேல எதையும் தாங்காது."

"இத்தன வருசமா அப்படித்தான் பேசிட்டிருந்துச்சா?"

"அப்படித்தான். உனக்கே போன வாரம் என்ன கொழம்பு வச்சேன்னு தெரியுமா?"

நகம் நீளத்துக்குச் சில்லுகள் பதித்த ஒரு பச்சைத் தகட்டைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். "உன் மெஷின் ஏத்துக்கற கடைசி ரகம் இதுதான். ரெண்டு ஸ்லாட் இருக்குல்ல, காலியா இருக்கறதுல போடு. ஒண்ணு தெரிஞ்சுக்க. பழசும் புதுசும் சேந்தா புதுசு பழசோட வேகத்துக்குத்தான் ஓடும்."

"அது எதுக்கு?"

"புருசன் பொண்டாட்டி ரோட்டுல நடந்து போறப்ப பாத்ததில்லயா? அப்படித்தான்."

தகட்டைப் போட்டு முடுக்கியதும் திரை கறுப்பாகவே இருந்தது. மடிக்கணினி மூன்று முறை கூவிவிட்டு அடங்கியது. அதற்குள்தான் அவளுடைய எல்லாச் சொந்தமும் இருந்தது.

ஹசீனா போனிலேயே வழி சொன்னாள். பேட்டரியைக் கழற்று. பொத்தானை அழுத்திப் பிடித்து மிச்சமிருக்கும் மின்சாரத்தைப் போக்கு. தகட்டின் பொன் பூசிய விளிம்பைப் பென்சில் அழிப்பானால் தேய். மகிழாவின் பழைய பெட்டியில் பூனை முகம் போட்ட அழிப்பான் ஒன்று கிடைத்தது. நிரஞ்சனா அதை வைத்துத் தேய்த்தாள். பொன் விளிம்பு பளிச்சென்று ஆனது. மறுபடி போட்டாள். இந்தத் தடவை திரை விழித்தது, ஆனால் புதிய தகட்டில் பாதியைத்தான் கண்டுகொண்டது. மடிக்கணினி விழிக்கும்போதே ஓடுகிற அடிநிரலைப் புதுப்பித்தார்கள். முழுத் தகடும் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் உறைந்து நின்றது.

அடுத்த நாள் ஹசீனாவே வீட்டுக்கு வந்தாள். நிரஞ்சனா அடுப்படியில் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் மேசைமேலிருந்து பதிலி முந்திக்கொண்டது. வாசலில் தெரிந்த முகம் நின்று, வீட்டுக்காரி வாய் திறக்கத் தாமதித்தால் அது வரவேற்றுவிடும்.

"வாடி ஹசீனா. வெயில்ல வந்திருக்க, தண்ணி குடிக்கிறியா?"

ஹசீனா மேசையையும் தோழியையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீ சொன்னாதான் குடிப்பேன்."

"குடிடி."

"அது சொன்னதுல இருந்த அன்பு இதுல இல்லயே."

அடிமூடியைத் திறந்து பார்த்து, கோளாறு என்னவென்று அவளே சொன்னாள். பழைய தகடு கேட்கும் மின்னழுத்தம் ஒன்று, புதியது தாங்குவது வேறொன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் திருப்தி செய்ய அந்த இயந்திரத்தால் முடியாது. பழையதைக் கழற்றிவிட்டு ஒரே வகையில் ஜோடியாக இரண்டு புதுத் தகடுகளைப் பொருத்தினாள். பழையது சின்ன பிஸ்கட் துண்டுபோல மேசைமேல் கிடந்தது. நிரஞ்சனா அதைத் தூக்கிப்போட மனமில்லாமல் மகிழாவின் வளையல் பெட்டியில் வைத்தாள்.

அதன்பின் மடிக்கணினி ஓடிய ஓட்டத்தை மகிழா மாப்பிள்ளையிடமே சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். வட்டில் கிடந்த அத்தனை வருடப் பேச்சும் ஒரே நேரத்தில் பதிலியின் கைக்குள் வந்துவிட்டது. பெரிய நாத்தனாருக்கு முன்னால் சின்ன நாத்தனாரை அழைக்கக்கூடாது என்று அதற்குத் தெரிந்திருந்தது. ஒரு சித்தப்பாவின் முதல் மனைவியின் தம்பி, காது கேட்காதவர் என்பதால் எழுதித்தான் அழைக்க வேண்டும் என்று அது நினைவுபடுத்தியது. தஞ்சாவூர் பெரியம்மா அழாத குறை. 'என் மாடிப்படியில நான் விழுந்த தேதிகூட ஞாபகம் வச்சுக் கேட்டியேடி' என்று நேரில் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். நிரஞ்சனா அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஒரே ஒரு அழைப்பு மட்டும் போகவில்லை. அவள் தம்பி கோகுலின் வீடு.

கோகுல் நகரத்தின் மறுகோடியில் இருந்தான். கல்யாணத்தில் தாய்மாமன். பெண்ணுக்கு மாலை போட்டு மணமேடைக்கு அழைத்து வருபவன் அவன். அவன் வராவிட்டால் யாரும் கல்யாணத்தை நிறுத்தப் போவதில்லை. ஆனால் மேடைக்குக் கீழே ஒவ்வொருவரும் பக்கத்து நாற்காலியிடம் குனிந்து, "மாமன் எங்க?" என்று கேட்பார்கள். மகிழாவும் கேட்பாள். அவளுக்கு நடை பழக்கியவனே அவன்தான். இடுப்பில் துண்டைக் கட்டி, பின்னால் பிடித்துக்கொண்டே தெரு முழுக்க ஓடுவான்.

கோகுலை அவள் கடைசியாக நேரில் பார்த்து எத்தனை வருடம் என்று யோசித்தால் விடை மங்கலாகத்தான் வந்தது. ஆனால் கவலைப்பட்டதில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாலைச் செய்தியில், "தம்பியிடம் பேசியாயிற்று" என்று பதிலி சொல்லும். அது போதுமாக இருந்தது. இப்போது அந்த வரியும் வரவில்லை. 'கோகுல் வீடு: காத்திருப்பில்' என்று மட்டும் திரையில் நின்றது.

பழைய சங்கடம் மிச்சமிருக்கிறது என்று நினைத்து, தகடுகளைக் கழற்றி மாற்றிப் போட்டாள். பூனை அழிப்பானால் தேய்த்தாள். ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தாள், பிறகு மற்றதை. இரண்டு வெள்ளிக்கிழமைகள் இப்படிப் போயின. ஹசீனா ஒரு சோதனை நிரலை ஓட்டச் சொன்னாள். அது ஒரு பகல் முழுக்க ஓடி முடிந்தது.

"தகட்டுல ஒரு குத்தமும் இல்லடி" என்றாள் ஹசீனா. "மெஷின் நல்லா இருக்கு. அதுகிட்டயே கேளு."

அன்று மருந்தகத்தில் விடுமுறை. மகிழா வேலைக்குப் போயிருந்தாள். நிரஞ்சனா காபியை ஆற்றிக்கொண்டே மடிக்கணினிக்கு எதிரே உட்கார்ந்தாள். தன் குரலோடு தானே பேசுவது அவளுக்கு எப்போதும் கூச்சமாக இருக்கும்.

"கோகுலை ஏன் கூப்பிடல?"

"முறைப்படி முதலில் பேச வேண்டியவர்கள் அவர்கள்" என்றது பதிலி. "மரியாதை முறையைக் கண்டிப்பு என்று நீங்கள் அமைத்திருக்கிறீர்கள்."

அவளுக்கு நினைவிருந்தது. பதிலியை நிறுவிய அன்று, மரியாதை முறை தளர்வா, நடுத்தரமா, கண்டிப்பா என்று அது கேட்டது. அந்த ஊரில் கண்டிப்பைத் தவிர வேறெதையும் தேர்ந்தெடுத்த வீடு இருந்திருக்காது. நம் வீட்டு அமைப்பு மற்ற வீட்டுப் பதிலிகளுக்குத் தெரியும். தளர்வு என்று போட்டால் மரியாதை தெரியாத குடும்பம் என்றாகிவிடும். இப்போது சம்பந்தி வீட்டாரின் பதிலி தினமும் இதனுடன் பேசிக்கொண்டிருக்கும்போது அதில் கைவைக்கவும் முடியாது.

"அவங்க ஏன் முதல்ல பேசணும்? என்ன ஆச்சு?"

"புதுமனை புகுவிழாவுக்கு அவர்கள் நம்மை நேரில் அழைக்கவில்லை. பதிலி மூலம் அழைத்தார்கள். எனவே நாம் போகவில்லை. அந்த வருத்தத்தில், உங்கள் கணவரின் அறுவை சிகிச்சைக்கு அவர்கள் வரவில்லை. எனவே அவர்கள் பிள்ளையின் பிறந்தநாளுக்கு..."

அது சொல்லிக்கொண்டே போனது. நிரஞ்சனா நிறுத்தச் சொன்னாள். புதுமனை புகுவிழா நடந்ததே அவளுக்கு இப்போதுதான் தெரியும். அழைப்பு வந்தது, மறுத்தது, வருந்தியது எல்லாம் அவள் குரலில் நடந்திருந்தது. எல்லா மாலையும் 'எல்லாரும் நலம்' என்றுதான் அவள் கேட்டிருந்தாள்.

"அப்ப இத்தன வருசமா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை எப்படிப் பேசினே?"

"அப்போது ஒரு வாரத்துக்கு முந்தியது என் கையில் இருக்காது. ஒவ்வொரு வெள்ளியும் எனக்கு அவர்கள்மேல் வருத்தம் இல்லை. இப்போது இருக்கிறது."

குரல் மாறவே இல்லை. மழை வரும், குடை கொண்டுபோங்கள் என்று சொல்வதுபோல்தான் சொன்னது. நிரஞ்சனா காபியைக் கீழே வைத்தாள்.

"அந்தப் பேச்சைப் போடு" என்றாள்.

போடச் சொல்லியிருக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எல்லாம் ஒரே மாதிரி தொடங்கின. "கோகுல், அக்கா பேசுறேன்டா. சாப்பிட்டியா?" எதிர்முனையில் கோகுலின் பதிலி, அவன் குரலில், ஒவ்வொரு தடவையும் ஒரு புதுக் குத்தலோடு பதில் சொன்னது. அதற்கு நினைவுக் குறைச்சலே இல்லை. "காரியம் ஆகணும்னா மட்டும் தம்பி ஞாபகம் வரும்ல?" "உங்க வீட்டு வாசல்ல நாங்க நிக்கிற தகுதி எங்களுக்கு ஏது?" "மச்சான் கப்பல்ல போறாரு, நாங்க தரையில நடக்குறோம்." ஒவ்வொரு தடவையும் அவளுடைய பதிலி கோபப்படாமல் கேட்டுவிட்டு, "சரிப்பா, ஒடம்ப பாத்துக்க" என்று முடித்தது. அடுத்த வெள்ளி ஒன்றும் நடக்காதது போல மறுபடி, "சாப்பிட்டியா?"

அவள் பிறந்த வீட்டில் சண்டைகள் அப்படித்தான் தீர்ந்திருக்கின்றன. யாரும் மன்னிப்புக் கேட்டதில்லை. அவள் அப்பாவும் பெரியப்பாவும் இரண்டு வருடம் முகம் பார்க்காமல் இருந்துவிட்டு, ஒரு மழை நாளில் பெரியப்பா குடையோடு உள்ளே வந்து, "என்ன சாப்பாடு?" என்று கேட்டதோடு சரி. எதற்காகச் சண்டை என்பதை இருவரும் மறந்த மாதிரி இருந்தார்கள். மறந்தார்களா, நடித்தார்களா என்று யாரும் கேட்கவில்லை. இந்த மடிக்கணினி நடிக்கவில்லை. உண்மையாகவே மறந்திருக்கிறது, வாராவாரம்.

ஒரு பதிவில் மட்டும் ஒலி வேறு மாதிரி இருந்தது. பின்னால் பாத்திரம் விழும் சத்தம், தொலைக்காட்சி. மூச்சு. பதிலிகளுக்கு மூச்சு கிடையாது. பேசியது கோகுலேதான்.

"அக்கா. அக்கா, நான்தான். கோகுல். மெஷின் இல்ல."

"சொல்லுடா. சாப்பிட்டியா?"

"நீதானா?"

"அக்காதான்டா. ஒடம்பு எப்படி இருக்கு?"

பிறகு அவன் சிரித்தான், அல்லது அது சிரிப்பில்லை. "எங்கக்கா செத்து ரொம்ப நாளாச்சு. எனக்குத்தான் யாரும் சொல்லி அனுப்பல."

"சரிப்பா" என்றது அவள் குரல். "நேரத்துக்குச் சாப்பிடு."

நிரஞ்சனா அதை ஒரே ஒரு முறைதான் கேட்டாள். போதுமானதாக இருந்தது.

அன்று பகல் முழுக்க அவள் துணி மடித்தாள். மடித்ததையே மறுபடி மடித்தாள். கோபம் வந்தது. செத்துப்போய்விட்டாளாமே, அவன் மட்டும் ஒரு பஸ் ஏறி வந்திருக்க முடியாதா? உடனே அவன் கூப்பிட்ட அந்த ஒரு தடவை, 'நீதானா' என்று கேட்டபோது அவன் குரல் கீழே இறங்கிய விதம் நினைவுக்கு வந்தது. கோபத்தை அவன்மேல் வைத்தால் நழுவித் தன்மேல் விழுந்தது. தன்மேல் வைத்தால் நழுவி அவன்மேல். இரண்டையும் ஒரே நேரத்தில் தாங்க அவளால் முடியவில்லை.

மாலையில் வந்த மகிழாவிடம் சொன்னாள். எல்லாவற்றையும் அல்ல.

"அதுக்கென்ன, நேர்ல போய்க் கூப்பிடு" என்றாள் மகிழா. "மாமாதானே. உன்ன வெட்டியா போடப்போறாரு?"

"போறேன்."

"நானும் வரட்டா?"

"கல்யாணப் பொண்ணு வரக்கூடாது. நான் போயிட்டு வர்றேன்."

அடுத்த வியாழக்கிழமை தாம்பூலத் தட்டோடு கிளம்பினாள். வெற்றிலை, பாக்கு, பழம், பத்திரிகை. பஸ்ஸில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, வாசலில் என்ன சொல்வது என்று பழகிப் பார்த்தாள். சொல்ல வேண்டியது ஒரே சொல்தான். இவ்வளவு வருடமாக அவள் குரல் வாராவாரம் சுலபமாகச் சொன்ன சொல். அதைச் சொல்ல முனையும்போதெல்லாம் அதன் முன்னால் மற்ற சொற்கள் வந்து வரிசையில் நின்றன. தகுதி ஏது. தரையில நடக்குறோம். செத்து ரொம்ப நாளாச்சு.

அவன் தெருமுனையில் இறங்கினாள். மருதாணி வேலி போட்ட வீடு என்று விலாசத்தில் இருந்தது. வேலி தூரத்திலிருந்தே தெரிந்தது. பச்சையாக, அழகாக வெட்டிவிட்ட வேலி. அவனுக்கு எப்போதும் செடி பிடிக்கும். வீட்டை ஒரு தடவைகூட அவள் பார்த்ததில்லை என்பது, தெரிந்த விஷயம்தான் என்றாலும், அங்கே நிற்கும்போது புதிதாகத் தெரிந்தது. அவள் பழ வண்டிக்காரர் நிழலில் நின்றாள்.

"யாரத் தேடுறீங்கம்மா?" என்றார் அவர்.

"யாரையும் இல்லண்ணே" என்றாள்.

அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டாள். முகவரி தப்பு, வீடு கிடைக்கவில்லை என்று மகிழாவிடம் சொன்னாள். மகிழா நம்பவில்லை, ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, தட்டிலிருந்த ஒரு வாழைப்பழத்தை உரித்துத் தின்றபடி எழுந்து போனாள்.

வெள்ளிக்கிழமை காலை மருந்தகத்துக்குப் போகுமுன் நிரஞ்சனா மடிக்கணினியைக் கவிழ்த்து வைத்து அடிமூடியைத் திறந்தாள். கை பழகிவிட்டிருந்தது. இரண்டு புதுத் தகடுகளையும் விடுவித்தாள். வளையல் பெட்டியிலிருந்து பழையதை எடுத்து, பூனை அழிப்பானின் தேய்ந்த மூலையால் அதன் விளிம்பைத் துடைத்து, சாய்வாகச் செருகி, கிளிக்கென்று கேட்கும்வரை அழுத்தினாள். மற்ற அழைப்பெல்லாம் முடிந்துவிட்டது. இனி அது தாங்க வேண்டியது ஒரு வாரத்தைத்தான்.

என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. தன்னால் முடியாததைச் செய்யத் தனக்குப் பதில் ஒருத்தியை அனுப்புகிறாள். தன்னைவிட நல்லவளை.

திரை மெதுவாக விழித்தது. பழைய நிதானத்தோடு பதிலி பேசியது.

"காலை வணக்கம். இன்று வெள்ளிக்கிழமை. தம்பியிடம் பேசட்டுமா?"

"பேசு" என்றாள் நிரஞ்சனா. "மகிழா கல்யாணத்தச் சொல்லு. தாய்மாமன் இல்லாம மேடை ஏற மாட்டாளாம்னு சொல்லு."

"சொல்கிறேன். அவர்மேல் ஏதாவது வருத்தம் உண்டா? நான் கவனிக்க வேண்டியது?"

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "உனக்கு இல்ல" என்றாள்.

மாலைச் செய்தியில் அந்த வரி வந்தது. தம்பியிடம் பேசியாயிற்று. என்ன பதில் வந்தது என்று அவள் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லி மாவை ஊற்றிக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது. மகிழா ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். "மாமா" என்று அவள் சொன்ன விதத்தில், மாடி வீட்டுக் குழந்தைகள்கூட எட்டிப் பார்த்திருப்பார்கள்.

நிரஞ்சனா ஈரக்கையோடு கூடத்துக்கு வந்தாள். வாசலில் கோகுல் நின்றான். முன்மண்டை வழுக்கையாகியிருந்தது. அப்பாவுக்கு விழுந்த அதே இடத்தில் விழுந்திருந்தது. கையில் ஒரு தொட்டிச் செடி. பக்கத்தில் அவன் மனைவி ஷர்மிளா, பூவும் பழமுமாக.

"என்ன மதினி, அப்படிப் பாக்குறீங்க?" என்று ஷர்மிளா உள்ளே காலெடுத்து வைத்தாள். "இவரு பண்ற கூத்தக் கேளுங்க. வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்க வீட்டுல உங்க போன் வர்ற நேரந்தான் சாப்பாட்டு நேரம். எங்க பதிலி பாட்டுக்கு உங்கள வாய்க்கு வந்தபடி பேசும். இவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. தட்டப் போட்டுக்கிட்டு, நீங்க பேசுறத கேட்டுக்கிட்டே சாப்பிடுவாரு. மூணு வாரமா போன் இல்ல. மனுசனுக்குச் சோறு இறங்கல. முந்தாநாள் போன் வந்த பெறகுதான் ரெண்டு இட்லி கூடத் தின்னாரு."

"ஏய், சும்மா இரு" என்றான் கோகுல்.

மகிழா செடியை வாங்கிக்கொண்டாள். எல்லாரும் நிரஞ்சனாவைப் பார்த்தார்கள். இது அவளுடைய முறை. அவன் வந்துவிட்டான், பஸ் ஏறி, பழைய கணக்கெல்லாம் போட்டு மிதித்து, முறையை உடைத்து, அவனே வந்துவிட்டான். அவள் சொல்ல வேண்டியது அந்த ஒரு சொல்தான். அவள் அதைத் தேடிப் போனாள். உள்ளே எல்லாம் வரிசையாக நின்றுகொண்டிருந்தது, ஒன்றும் விடாமல், ஒவ்வொன்றும் அதனதன் குரலில். ஒவ்வொன்றையும் விலக்கிக்கொண்டு அவள் போனாள். நடக்க நடக்க அந்தச் சொல் தள்ளிப்போனது. இயந்திரத்திலிருந்து கழற்றிவிட்டாள், தன்னிடமிருந்து கழற்றுவதற்கு எந்த மூடியைத் திறப்பது என்று தெரியவில்லை. வாய் திறந்திருந்தது. கோகுலின் முகத்தில் ஏதோ மெல்லச் சுருங்கத் தொடங்குவதை அவள் பார்த்தாள்.

"வாடா கோகுல்" என்றது அவள் குரல், மேசையிலிருந்து. "சாப்பிட்டியா?"

கோகுல் திரும்பினான். சாப்பாட்டு மேசையின் ஓரத்தில், ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில், மூலை பெயர்ந்த அந்தப் பழைய மடிக்கணினி திறந்திருந்தது. அவன் முகம் தளர்ந்தது. சின்னப் பையனாக விளையாடிவிட்டு வீட்டுக்குள் வரும்போது இருக்கும் முகம்.

"இல்லக்கா" என்றான், அதைப் பார்த்து.

"உக்காரு. இட்லி ஊத்துறேன்" என்றது பதிலி.

அவன் நாற்காலியை இழுத்து மடிக்கணினிக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டான். நிரஞ்சனா ஒரு கணம் அங்கேயே நின்றாள். பிறகு இட்லி ஊற்றுவதற்காக அடுப்படிக்குள் போனாள்.